ராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டே அறிவியல் எழுத்தாளர் ஆவது எப்படி

அறிவியல் எழுத வேண்டும் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. விலங்கியலோ வேதியியலோ படித்து முடித்து, எழுதும் ஆசையும் இருந்து, "இங்கே இருந்தால் எதை எழுதுவது?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கடலைப் பற்றி எழுத நினைக்கிறவருக்கு மண்டபத்தையும் பாம்பனையும்விடத் தோதான இடம் தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கொச்சிக்குப் போவதற்கு முன் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் தலைமையகம் வைத்திருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது. பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில்தான். பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில் விஞ்ஞானிகள், நடந்து போகும் தூரத்தில் மீனவர்கள்.

இந்த இரண்டு பேரிடமும் போவதுதான் வேலையே. ஆய்வுக்கூடத்தில் மட்டும் கேட்டு எழுதினால் அது நிறுவனத்தின் செய்திக்குறிப்பைத் திருப்பி எழுதியதாகத்தான் இருக்கும். கரையில் மட்டும் கேட்டு எழுதினால், கண்ணால் கண்டது இருக்கும், காரணம் இருக்காது. இருவரையும் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் வைத்துச் சோதித்து எழுதுகிற ஆட்கள் இந்தக் கரைக்கு அவசரமாகத் தேவை.

ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்

கடல் மாசு, பருவநிலை மாற்றம் என்று பெரிய தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பத்திக்கு மேல் நகராது. சின்னதாக, பதில் தேடிப் போகக்கூடிய கேள்வியாக எடுங்கள். இந்தக் கோடையில் வெளுத்த பவளம் எவ்வளவு மீண்டது? கடற்பசு மேயும் கடற்புல் நம் ஊருக்கு முன்னால் எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறது? கஞ்சிப்பாசி முன்பு போலக் கிடைக்கிறதா?

அப்புறம் அந்தக் கேள்வியோடு ஓராண்டாவது இருங்கள். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அப்படியே தலைகீழ். ஒரு பருவத்தில் பார்த்ததை வைத்து எழுதுவது பாதிக் கதைதான்.

பவளத்தையே எடுத்துக்கொள்வோம். அது கல் இல்லை, சிறு உயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. தண்ணீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால் அந்தப் பாசிகள் வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் இது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அதாவது வெளுக்கும் அதே வாரங்களில் விசைப்படகுக்காரர்கள் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டு, பேசுவதற்கு நேரத்தோடு இருக்கிறார்கள். எழுத்தாளருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதும் இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பி, உயிர் பிழைக்கலாம். ஆகவே ஜூனில் எழுதியதற்குத் தொடர்ச்சி ஒன்று அக்டோபரிலோ நவம்பரிலோ கட்டாயம் வேண்டும். நாளிதழ்ச் செய்திகளில் இந்த இரண்டாம் பாகம் அநேகமாக வருவதில்லை. புதிதாக வருகிறவர் நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

ஆய்வுக் கட்டுரை படிக்கப் பழகுங்கள்

அறிவியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. தமிழில் அறிவியல் எழுதிய முன்னோடிகளில் ஒருவரான பெ. நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். ஆனால் மூலக் கட்டுரையைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது.

மீன்வள நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் பல பத்தாண்டுகளின் ஆய்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று, கடல்மேற்பரப்பு வெப்பம், பவளம் வெளுக்கும் அபாயம் என்று தொடர்ந்து வெளியிடுகிறது. இவை இரண்டையும் கைபேசியில் குறித்துவைத்துக்கொண்டாலே பாதி வழி வந்தாயிற்று.

படிக்கும்போது முதலில் சுருக்கம், அடுத்து படங்களும் அட்டவணைகளும், அதற்கடுத்து ஆய்வுமுறை. முன்னுரை கடைசியில் இருக்கட்டும். ஆய்வுமுறைப் பகுதியில்தான் உண்மை உட்கார்ந்திருக்கும்: எங்கே இறங்கினார்கள், எந்த மாதம், எத்தனை இடங்கள், யார் பணம் கொடுத்தார்கள். தலைப்பில் மன்னார் வளைகுடா என்று இருக்கும், உள்ளே பார்த்தால் மண்டபம் பக்கத்துத் தீவுகளில் மட்டும் அளந்திருப்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு குழுக்களாகக் கிடக்கின்றன. ஒரு குழுவில் கண்டதை நான்குக்கும் நீட்டிச் சொல்லாதீர்கள். சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத முன்பதிப்புக் கட்டுரை என்றால் அதையும் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

விஞ்ஞானியிடம் கேட்பது

கட்டுரையில் தொடர்புக்கு என்று ஒருவருடைய மின்னஞ்சல் இருக்கும். நான்கைந்து வரியில் எழுதுங்கள்: நீங்கள் யார், எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், என்ன கேட்க வேண்டும், எப்போதைக்குள் பதில் வேண்டும். "உங்கள் ஆய்வு பற்றிச் சொல்லுங்கள்" என்று எழுதினால் பதில் வராது. மூன்றாவது படத்தில் மே மாத அளவு ஏன் இப்படிக் குறைந்தது என்று கேட்டால் வரும், ஏனென்றால் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அரசு நிறுவனத்தில் இருப்பவர் பத்திரிகைக்குப் பேச மேலதிகாரியின் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் உட்காரும்போது நான் மறக்காமல் கேட்கும் இரண்டு கேள்விகள்: இந்த ஆய்வில் உங்களுக்கே திருப்தி இல்லாத இடம் எது? இந்த முடிவை ஏற்காதவர் யார்? இரண்டாவதற்குக் கிடைக்கும் பெயர்தான் நீங்கள் அடுத்துப் பேச வேண்டிய ஆள். அந்த ஆய்வில் பங்கில்லாத ஒருவரின் கருத்து இல்லாமல் கட்டுரையை முடிக்காதீர்கள்.

அரசு அலுவலகத்தில் தகவல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாட்கள். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு.

கரையில் கேட்பது

ஏலம் நடக்கும்போது யாரிடமும் போய்க் கேள்வி கேட்காதீர்கள். அது அவர்களுடைய அன்றைய கூலி முடிவாகும் நேரம். ஏலம் முடிந்து, டீக்கடையில் உட்கார்ந்த பிறகு போங்கள். பாசி எடுக்கும் பெண்களிடம் பேச வேண்டுமென்றால் அவர்கள் கடலுக்குள் இறங்கும் நாட்களை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்தில் அண்ணே, அக்கா. கீழக்கரையில் காக்கா, லாத்தா. முறை சொல்லிக் கூப்பிட்டு, எதற்காகக் கேட்கிறேன், எதில் வரும் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். முதல் நாளே குறிப்பேட்டை விரிக்க வேண்டாம். ஒரு நாள் சும்மா இருந்து பார்த்துவிட்டு வருவது வீண் இல்லை.

இவர்களைத் தகவல் தருகிறவர்களாக மட்டும் நினைக்கக் கூடாது, இவர்களும் அறிந்தவர்கள். பாசி எடுக்கும் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-இல் சர்வதேச அளவிலான சீகாலஜி விருது பெற்றார். எந்தப் பாறையில் எந்தப் பாசி, பறித்தால் திரும்ப வளர எவ்வளவு நாள் என்பதெல்லாம் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைமுறை அறிவு. அகார் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்கப் போகும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும், ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்குப் போகும் கட்டக்கோரையையும் தண்ணீருக்குள்ளேயே கைவிரலால் பிரித்துவிடுவார்கள். அவர்கள் சொன்னதை விஞ்ஞானியின் பெயரில் எழுதிவிடாதீர்கள். யார் சொன்னாரோ அவர் பெயரில், அவர் சம்மதத்தோடு வரட்டும்.

சம்மதம் என்றதும் ஒரு விஷயம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இது எல்லைக் கடல். "எந்த இடத்தில் பிடித்தீர்கள்?" என்ற சாதாரணக் கேள்விக்கு ஒருவர் மனம் திறந்து சொன்ன பதில், அச்சில் வந்த பிறகு அவர்மேல் வழக்காகத் திரும்பக்கூடும். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதோ வைத்திருப்பதோ குற்றம். வலையில் தானாக மாட்டியதைப் பற்றி ஒருவர் பேசினால் அவரை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள்: பெயர், படகின் நிறம், பதிவெண், தெரு. அதேபோல் ஆமை முட்டையிட்ட இடம், கடற்பசுவை அடிக்கடி பார்க்கும் இடம், கடல் அட்டை மிகுந்த இடம் ஆகியவற்றைத் துல்லியமாக எழுதவே கூடாது. உங்கள் கட்டுரையைக் கடத்தல்காரரும் படிப்பார். படம் எடுத்தால் கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள்.

அனுமதிகள்

தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. "தெரிந்த படகு இருக்கு, காலையில போயிட்டு வந்துடலாம்" என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். மாட்டினால் படகுக்காரரின் பிழைப்பும் சேர்ந்து போகும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட மாதிரிக்கு என்று பையில் போடாதீர்கள், அதுவும் அதே சட்டத்தின் கீழ் வருகிறது. ட்ரோன் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, கடலோரம் முழுக்கப் பாதுகாப்புக் கண்காணிப்பு. அனுமதியோடு படகில் ஏறும்போது உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தாலும்.

எண்களில் கவனம்

நம் கடலைப் பற்றி வரும் செய்திகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு எண்களில்தான். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் வந்தது, 10,500 சதுர கிலோமீட்டர். இரண்டும் வேறு, சட்டப் பாதுகாப்பும் வேறு. ஒன்றின் பரப்பை மற்றொன்றுக்குப் போட்டால் கடலின் பெரும்பகுதி முழுப் பாதுகாப்பில் இருப்பதாக வாசகர் நினைத்துவிடுவார். பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர், அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டியது. நம் மாவட்டம் என்று நினைத்து எழுதிவிடுவது எளிது. அரசாணையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சதவீதம் வந்தால் எதில் என்று கேளுங்கள். ஓர் இனத்தின் வரத்து இருமடங்கானது என்றால் இரண்டு டன் நான்கானதா, இரண்டாயிரம் டன் நாலாயிரமானதா? விலங்குகளின் எண்ணிக்கை என்றால் எப்படி எண்ணினார்கள் என்பது எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். கடற்பசுவை வானிலிருந்து எண்ணுவதும், மீனவரிடம் கேட்டு மதிப்பிடுவதும் ஒரே கணக்கு ஆகாது.

மீன் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஊருக்கு ஊர் பெயர் மாறும். படம் எடுத்து, ஊர்ப்பெயரைக் குறித்து, ஆய்வாளரிடம் காட்டி அறிவியல் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டுரையில் ஊர்ப்பெயர் முன்னால் வரட்டும்.

இரு தரப்பும் மோதும் விஷயங்கள்

உங்கள் திறமைக்கு உண்மையான சோதனை இங்கேதான். மண்டபத்தில் நன்றாகத் தெரிந்த உதாரணம் கப்பாபைகஸ் பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த இனம். கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் இதிலிருந்து கிடைக்கிறது, ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை போகிறது. 1980-களில் ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனத்தின் ஈடுபாட்டோடு மண்டபம் பக்கம் வணிக வளர்ப்பு ஆரம்பித்தது. மூங்கில் தெப்பத்தில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. சுயஉதவிக் குழுப் பெண்கள் பலருக்குக் கையில் காசு வந்தது. 2008-இல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுகிறது என்று ஆய்வுக் கட்டுரை வெளியானது. பரவிய பரப்பு மிகச் சிறியது, கட்டுப்படுத்தக்கூடியது என்று மறுதரப்பு ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள்.

இதை எப்படி எழுதுவது? "சிலர் ஆதரிக்கிறார்கள், சிலர் எதிர்க்கிறார்கள்" என்று எழுதி நகர்ந்துவிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு தரப்பும் எதை அளந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். ஒருவர் பாதிக்கப்பட்ட பவளக் கூட்டங்களைப் பார்த்தார், மற்றவர் மொத்தப் பரப்பில் அது எவ்வளவு என்று பார்த்தார். இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். அடுத்து, இந்தப் பாசியை அறிமுகப்படுத்தியதில் யாருக்குப் பங்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் தெப்பம் கட்டும் பெண்களிடம் போங்கள்: வருமானம் எவ்வளவு, எந்த மாதம் பாசி அழுகுகிறது, தெப்பம் புயலில் அறுந்தால் துண்டுகள் எங்கே போகின்றன. கடைசிக் கேள்வி அறிவியல் கேள்வியும்கூட. அதற்கு முதலில் பதில் தெரிவது அவர்களுக்குத்தான். எல்லாம் கேட்டபின் ஆதாரம் எந்தப் பக்கம் கனக்கிறது என்று தோன்றுகிறதோ அதை எழுதுங்கள், எவ்வளவு உறுதியோடு என்பதையும் சேர்த்து.

ஆசிரியருக்கு அனுப்புவது

முழுக் கட்டுரையை எழுதி அனுப்புவதற்கு முன் ஒரு சிறு கடிதம் போதும். இந்த மாதிரி:

"மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, மண்டபம் அருகே இந்தக் கோடையில் வெளுத்த பவளம் எவ்வளவு மீண்டது என்பது பற்றி 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன். தீவுகளில் ஆய்வு செய்யும் இரண்டு விஞ்ஞானிகளிடமும், பாறை ஓரம் தொழில் செய்யும் நாட்டுப்படகு மீனவர்களிடமும் பேசியிருக்கிறேன். வெளுத்த செய்தி வந்தது, மீண்டதா என்பது இன்னும் வரவில்லை. படங்களும் தர முடியும். நவம்பர் 10-க்குள் அனுப்பிவிடுவேன்."

இதில் செய்தி என்ன, ஏன் இப்போது, யாரிடம் பேசினீர்கள், எப்போது தருவீர்கள் என்ற நான்கும் இருக்கின்றன. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். குழந்தைகளுக்கு எழுத வரும் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழைப் பாருங்கள். பேச்சில் வல்லவர் என்றால் பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. கேட்பதற்காக எழுதிப் பழகினால் அச்சுக்கு எழுதும் வாக்கியமும் தெளிவடையும்.

பிழைப்பு

தமிழில் அறிவியல் எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். இதைச் சொல்லாமல் யாரையும் இந்த வழிக்கு அழைக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் சில ஆண்டுகள் ஆசிரியர் வேலை, ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளர், மொழிபெயர்ப்பு என்று நிலையான வருமானம் ஒன்று இருக்கட்டும். ஆங்கிலத்திலும் எழுத முடிந்தால் கூலி கூடுதலாகக் கிடைக்கும், அதே களப்பணியை இரண்டு மொழியிலும் பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்குக் கையேடு, அறிக்கை எழுதித் தருவதும் நேர்மையான வேலைதான். ஆனால் பணம் வாங்கிய நிறுவனத்தின் ஆய்வைப் பற்றிப் பத்திரிகையில் எழுதாதீர்கள், எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்தத் தொடர்பை ஆசிரியருக்கும் வாசகருக்கும் சொல்லிவிடுங்கள்.

எழுதத் தொடங்கும் முன்பே கூலி எவ்வளவு, எப்போது வரும், பயணச் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சில நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தரும். ஆண்டுக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்தால் அதிகம் பிடித்தது திரும்ப வரும். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காதவரை கட்டுரை உங்களுடையது, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

அச்சுக்கு முன்னும் பின்னும்

விஞ்ஞானிக்கு முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டியதில்லை. அவர் சொன்னதாக வரும் வரிகளையும், ஆய்வை விளக்கும் பத்திகளையும், எண்களையும் அனுப்பிச் சரியா என்று கேளுங்கள். தவறு சொன்னால் திருத்துங்கள், "இப்படி எழுதினால் நன்றாக இருக்கும்" என்று சொன்னால் நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். இதே சலுகை கரைக்கும் உண்டு. அவர்கள் பேச்சு வரும் பகுதியைப் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "நான் சொன்னது தை மாசம், நீ மாசின்னு போட்டிருக்கே தம்பி" என்பது போன்ற திருத்தம் அங்கேதான் கிடைக்கும், பருவம் பற்றிய கட்டுரையில் அது பெரிய திருத்தம்.

வெளிவந்ததும் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கைபேசி இணைப்பு அனுப்பினால் போதும் என்று விட்டுவிடாமல், இதழையே வாங்கி நேரில் கொண்டுபோங்கள். பிழை ஏதாவது தெரியவந்தால் அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். குறிப்பேடு, ஒலிப்பதிவு, கட்டுரைப் பிரதிகள் எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருங்கள். யாராவது மறுத்தால் காட்ட ஆதாரம் வேண்டும், அடுத்த கோடையில் அதே தீவைப் பற்றி எழுதும்போது ஒப்பிடவும் அது வேண்டும்.